எலும்புக்கு ஒரு விளக்கு

உட்காருங்கள் சார். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், என் முட்டியில் இடிக்கிறது. உத்திரமேரூரா? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். கல்லுமேடு ஸ்டாப்பிங்.

எங்கே எட்டி எட்டிப் பார்க்கிறேன் என்கிறீர்களா? முன்னால், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு. நீலப் புடவை, மடியில் துணிப்பை. என் மனைவி. குணசுந்தரி. பையில் செம்பருத்திப் பூ, முருங்கைக்கீரை, ஒரு டப்பாவில் பப்பாளித் துண்டு.

சேர்ந்து உட்காரலாம்தான். இடம் இருந்தது. அவள் உட்கார மாட்டாள். தாம்பரத்தில் ஏறியதும் நேரே முன்னால் போய்விட்டாள். கண்டக்டரிடம் ‘முன்னால ஒரு லேடீஸ்’ என்று சொல்லி நான்தான் டிக்கெட் எடுத்தேன். சண்டை எல்லாம் இல்லை. என்னிடம் பேசி ஐந்து மாதம் ஆகிறது, அவ்வளவுதான்.

காரணமா? ஓர் ஓணான்.

சிரியுங்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஓணான் என்றால் வேலியில் தலையாட்டுகிற ஓணான் இல்லை. வாலோடு சேர்த்து நிறுத்தினால் என் மார்பு வரைக்கும் வரும். அதைப் பார்க்கத்தான் மாதம் ஒரு தடவை இந்த பஸ். இந்த வெயிலில். எழுபத்தொரு வயதில்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

என் மகன் செழியன். கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தான். பென்சில் நீளம். பச்சை என்றால் வாழைக்குருத்துப் பச்சை. “இகுவானாப்பா. தென் அமெரிக்கா” என்றான்.

“ஓணான்டா” என்றேன்.

“ஓணான் இல்லப்பா, இகுவானா.”

“தென் அமெரிக்காவுல அது என்னவா வேணா இருக்கட்டும். பம்மல்ல ஓணான்தான்.”

சின்ன வயதில் நாங்கள் ஓணானைக் கண்டால் விட்டதில்லை. ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அது மூத்திரம் கொடுத்ததாம். அதற்காகத் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து உதைப்போம். அப்படிப்பட்ட ஜந்துவுக்கு என் வீட்டு ஹாலில் இடம்.

கடைக்காரன் முழங்கை நீளம்தான் வளரும் என்றானாம். ஒரு மீன் தொட்டியையும் சேர்த்துத் தலையில் கட்டினான். ஒரு வருடத்தில் தொட்டி போதவில்லை. பீரோ அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். டி.வி. இருந்த இடத்தில் பெட்டி. டி.வி. படுக்கையறைக்குப் போனது. நான் கிரிக்கெட்டைப் படுத்துக்கொண்டு பார்த்தேன். எவனாவது படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பானா?

அப்புறம் அந்தப் பெட்டியும் போதவில்லை. உள்ளே திரும்ப வேண்டுமென்றால் அது வாலை மடக்கித்தான் திரும்ப வேண்டும். நாள் முழுக்கக் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எதிரே பால்கனி தெரிகிறது, போக முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று அதற்குப் புரியவில்லை. மூக்கு நுனி புண்ணாகிப்போனது. குணசுந்தரி மஞ்சள் அரைத்துப் பூசினாள். பூசும்போது வாயால் ஊதினாள். நான் முகம் மழிக்கும்போது வெட்டிக்கொண்டால், “பார்த்துப் பண்ணக் கூடாதா?” என்பாள். ஊத மாட்டாள்.

செழியன் அயர்லாந்து போய்விட்டான். ஓணானைப் பிளேனில் ஏற்ற மாட்டார்களாம். “ஆறு மாசம் பார்த்துக்கோங்கப்பா” என்றான். இரண்டு வருடம் ஆனது.

அதைப் பெண் என்று நினைத்து குணசுந்தரி மரகதம் என்று பெயர் வைத்தாள். ஒரு தடவை நகம் வெட்ட டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் தொடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆண்மா இது” என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் பெயரை மாற்றவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

காலையில் எழுந்ததும் என் காப்பிதான் முதலில் என்று இருந்த வீடு சார். பிறகு முதலில் அதன் இலை. பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்குவாள். செம்பருத்தியில் காம்பு கிள்ளுவாள். பப்பாளியில் விதை ஒன்றுகூட இருக்காது. எனக்குச் சர்க்கரை. பப்பாளி கிடையாது, மாம்பழம் கிடையாது. அது எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு மாம்பழம் தின்னும். மெதுவாக. ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே.

தயிர்சாதம்கூடக் கொடுத்தாள். “வாய் ஆசைப்படுது பாவம்” என்பாள். என் வாய் நாற்பத்து மூன்று வருடமாக ஆசைப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை செழியன் போன் பண்ணுவான். முதல் கேள்வி, “மரகதம் சாப்பிட்டுச்சா?” இரண்டாவது, “லைட் மாத்தினீங்களா?” போனை வைக்கப் போகும்போது, “அப்பா ஓகேதானே?” என்பான். ஓகேதான் என்பாள் அவள். எனக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்ட வாரம்கூட ஓகேதான்.

அந்த லைட் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இரண்டு விளக்கு. ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று எலும்புக்கு. எலும்புக்கு விளக்கா என்று நானும் சிரித்தேன். வெயிலில் இருக்கிற ஏதோ ஒன்று அந்த விளக்கிலும் இருக்கிறதாம். அது மேலே பட்டால்தான் சாப்பாட்டில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் போய் ஒட்டுமாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த விளக்கை மாற்ற வேண்டுமாம், அது நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும்.

நான் ஈ.பி.யில் முப்பத்தாறு வருடம் ஒயர்மேன். தணிகைவேல் ஒயர்மேன் என்றால் பம்மலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எரிகிற விளக்கை மாற்று என்று எனக்கு ஒருவன் சொல்கிறான். அதுவும் என் மகன்.

சரி. அது போகட்டும். பால்கனிக்கு வருகிறேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. காலை ஏழு மணிக்குப் பால்கனியில் நல்ல வெயில் வரும். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை மடியில் கிடத்திக்கொள்வாள். ஒரு மணி நேரம். பேசிக்கொண்டே இருப்பாள். நான் உள்ளே பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒட்டுக்கேட்கவில்லை. காது இருக்கிறது, விழுகிறது.

என்ன பேச்சு என்கிறீர்கள்! அவள் அக்கா அவளை ஏமாற்றி எடுத்துக்கொண்ட பட்டுப்புடவை. கால் எரிச்சல். கன்னியாகுமரி பார்க்க வேண்டும் என்கிற ஆசை. நான் கூட்டிப் போகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னேனாம். இவ்வளவு பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது. என்னிடம் ‘பால் வந்துச்சு’, ‘கரண்ட் போச்சு’, இவ்வளவுதான்.

போன ஆடி மாதம். ஒரு நாள் காலை. அவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொல்கிறாள். இருங்கள், இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும்.

முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு புயல் வந்தது. போஸ்ட்டில் ஏறி வேலை பார்க்கும்போது கரண்ட் தூக்கி எறிந்தது என்னை. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைத்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதம் இவள் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி சார். எதுக்குடி என்றேன். “செழியன் பரீட்சைக்கு வேண்டிக்கிட்டேன்” என்றாள். அவன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். இரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு ஒருத்தி மொட்டை போடுவாளா? கத்தினேன். என் தங்கை கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிப் போகவில்லை. மொட்டைத் தலையோடு வராதே என்று வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

அந்த ஆடி மாதக் காலையில் ஓணானிடம் சொல்கிறாள்: “அவருக்காகத்தான் குடுத்தேன் மரகதம். பொழைச்சு வந்தா போதும்னு. நெசத்தைச் சொன்னா, உன் மயிருக்குத்தான் என் உசிர் வந்துச்சான்னு சிரிப்பாரு. அதான் புள்ள பரீட்சைன்னுட்டேன்.”

அது என்ன செய்தது தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. வெயில் காய்ந்துகொண்டு. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்டுவிட்டு.

உங்களுக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்கள். முப்பது வருடமாகக் கட்டின புருஷனிடம் சொல்லாததை ஒரு ஜந்துவிடம் சொல்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? நான் எதற்குக் கேட்க வேண்டும்? அவளுக்கு வாய் இல்லையா?

அன்றைக்குத்தான் விளக்கை மாற்றினேன்.

செழியன் சிநேகிதன் ஒருவன் முந்தின நாள்தான் புது விளக்கைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான், பெட்டியோடு. அதைப் பரணில் போட்டேன். வீட்டில் கிடந்த சாதாரண பல்பை எடுத்து அந்த ஹோல்டரில் மாட்டினேன். ‘பளிச்’சென்று எரிந்தது. பழசைவிட நன்றாகவே எரிந்தது. “மாத்தியாச்சு” என்றேன். அவள் மரகதத்திடம், “பார்த்தியா, ஐயா உனக்குப் புது லைட்டு போட்டிருக்காரு” என்றாள். ஐயாவாம்.

பால்கனி மட்டும் பாக்கி இருந்தது. கீழ்வீட்டு எட்வின் சார் ஒரு நாள் மாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வெயில் கண்ணில் பட்டுக்கூடச் சுளித்திருக்கலாம். நான் அவளிடம், “அஞ்சு வீட்டுக்காரங்க புகார் சொல்றாங்க, குழந்தைங்க பயப்படுதாம், இனிமே பால்கனில வச்சுக்காதே” என்றேன். ஊருக்குப் பயந்தவள். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள்தான். அப்புறம் அது வெயிலைப் பார்க்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்று சொல்கிறேன்.

ஐப்பசி வாக்கில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். “கையும் காலும் எப்படித் தேறியிருக்கு பாருங்க.” பார்த்தேன். முன்னங்கை இரண்டும் உருண்டு திரண்டு பயில்வான் மாதிரி இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு வயிறு எரிந்தது. என் கை காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை.

தேறவில்லை சார் அது. எலும்பு உளுத்துப்போனால் சதை வீங்குமாம். எனக்கு என்ன தெரியும்? அவளுக்கு என்ன தெரியும்?

தை மாதம் படுத்துவிட்டது. பச்சை போய்ச் சாம்பல் நிறம். விரல் எல்லாம் நடுங்கியது. பூவை வாயில் வைத்தால் மெல்ல முடியவில்லை. தாடையை அமுக்கினால் ரப்பர் மாதிரி உள்ளே போகிறது. ஒரு நாள் உள்ளே இருந்த கட்டையில் ஏறப் பார்த்து விழுந்தது. அரை அடி உயரம் இருக்காது. பின்னங்கால் ஒடிந்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி இருந்தது. “என்னம்மா குடுத்தீங்க?” என்றார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பசலைக்கீரை, பழம், தயிர்சாதம். “இதுல சுண்ணாம்புச் சத்தே சேராதேம்மா” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். “வெளிச்சம்?” என்றார். “அதெல்லாம் கரெக்டா மாத்திடுவாரு டாக்டர். எங்க வீட்ல ஒயர்மேன்” என்றாள்.

நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? டாக்டர் முன்னால்? வீட்டுக்கு வந்து பரணிலிருந்து எடுத்துச் சத்தம் போடாமல் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஸ்டூலைப் போட்டேன். அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் படுத்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. இரண்டு நாள். சாப்பாடு இல்லை. “என் கையால போட்டே கொன்னுட்டேன். வாய்க்கு ஆசைப்பட்டுச்சேன்னு போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். செழியனுக்கு போன் பண்ணி அழுதாள். ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தேன்.

எனக்கு அம்மை போட்டிருந்தபோது இப்படித் தரையில் படுத்திருந்தாளா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அப்புறம் அவளே முடிவு பண்ணினாள். “எனக்கு இதை வளர்க்கத் தகுதி இல்லை. தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடலாம்” என்றாள். நான் என்ன சொல்வேன்? “உன் இஷ்டம்” என்றேன். உள்ளுக்குள் டி.வி.யை எந்த மூலையில் வைப்பது என்று அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒரு நம்பர் கொடுத்தார். ஜோசுவா என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். கல்லுமேட்டில் அவன் அப்பாவின் மாந்தோப்பு. அதில் பாதிக்கு வலை அடித்து, ஜனங்கள் வாங்கிச் சலித்துப்போய்க் கொண்டுவந்து விடுகிற பிராணிகளை வைத்திருக்கிறான். தன் சிறகைத் தானே பிடுங்கிக்கொண்ட கிளி. ஓடு கோணலாய் வளர்ந்த ஆமை. அட்டைப்பெட்டியில் போட்டு யாரோ கேட்டில் தொங்கவிட்டுப் போன மலைப்பாம்பு.

அவன் வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். மரகதத்தைத் தொட்டுப் பார்த்தான். குணசுந்தரி அழுதுகொண்டே சாப்பாட்டுக் கதையைச் சொன்னாள். அவன், “சாப்பாடு தப்புதாம்மா. ஆனா அது மட்டும் இவ்வளவு பண்ணாதே” என்றான். பையிலிருந்து அந்த எலும்பு வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்றை எடுத்தான், போன் அளவுக்கு இருந்தது. பெட்டிக்குள் விளக்குக்குக் கீழே பிடித்தான். வெளியே எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பிடித்தான்.

“ஒண்ணுமே வரலியே. இது சாதா பல்புங்க.”

“இல்லையே தம்பி, ஆடியிலதான் மாத்தினாரு.”

அவன் என்னைப் பார்த்தான். நல்ல பையன். “கடைக்காரன் உங்களை ஏமாத்திட்டான் ஐயா. போலி நெறைய வருது. பார்த்தா வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான்.

தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. ஒரே ஓர் ஆட்டு. அவள் கடைக்காரனைத் திட்டியிருப்பாள், ஓணான் வண்டியில் ஏறியிருக்கும், நான் டி.வி.யை ஹாலில் வைத்திருப்பேன்.

ஆனால் என்ன பேச்சு சார் அது? எனக்கு வித்தியாசம் தெரியாதா? முப்பத்தாறு வருட சர்வீஸ். என்னை ஒரு பல்புக் கடைக்காரன் ஏமாற்றுவதா? அதுவும் நேற்றுப் பிறந்தவன் என் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு சொல்கிறான்.

“என்னை எவனும் ஏமாத்தலை” என்றேன். “சாதா பல்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன். புதுசு பரண் மேல இருக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

ஜோசுவா மீட்டரைப் பைக்குள் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். குணசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாகத் துடைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“எதுக்கு?”

அந்த ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.

எதற்கு என்றால் என்ன சொல்வது? பல்பு மாட்டுவதற்கு எதற்கு என்று ஒரு கேள்வியா? “நல்லாத்தானே எரிஞ்சுது” என்றேன். உண்மையைத்தானே ஒப்புக்கொண்டேன்? பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு இந்தத் தண்டனை.

வீட்டில் எல்லாம் நடக்கிறது. காப்பி வரும். சாப்பாடு வரும். தட்டு வைக்கிற சத்தத்தை வைத்து நான் தெரிந்துகொள்வேன். பேச்சு மட்டும் இல்லை. டி.வி. ஹாலுக்கு வந்துவிட்டது. பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டாவது மாதம் அவள் இந்த பஸ்ஸில் கிளம்பினாள். சொல்லவில்லை. பை எடுத்தாள், செருப்புப் போட்டாள். நானும் போட்டேன். ரோடு தாண்டத் தெரியாது அவளுக்கு, கண்ணில் புரை வேறு. அதற்காகத்தான் போகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

அங்கே மரகதத்துக்குக் காலில் கட்டுப் போட்டுத் தோட்டத்து வெயிலில் கிடத்தியிருந்தான். தினமும் மருந்து ஊட்டினானாம். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். நான் வலைக்கு வெளியே பலாமரத்துக்குப் பின்னால் நின்றேன். அங்கே நல்ல நிழல்.

ஒரு மாதத்துக்கு அப்புறம் அவள் குரலைக் கேட்கிறேன் சார்.

“சர்க்கரை மாத்திரை நாலுதான் இருக்கு மரகதம். வாங்கணும்னு தெரியுதா பாரு” என்கிறாள். ஓணானிடம் என் மாத்திரையைப் பற்றிச் சொல்வானேன்? அதற்கு என்ன புரியும்? திரும்புகிற வழியில் நான் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம், “கண் டாக்டர்கிட்ட போகணும். வியாழக்கிழமை வரச் சொன்னாங்க” என்றாள் அதனிடம். வியாழக்கிழமை நான் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்தாள். ஒரு தடவை, “நிழல்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறாரு, அங்கே கட்டெறும்புப் புத்து இருக்கு” என்றாள். நகர்ந்து நின்றேன். நான் நிற்கிறது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

எல்லாம் அதனிடம்தான். என்னைப் பற்றிய பேச்சுகூட அதனிடம்தான். என் மாத்திரை, என் எறும்பு. அது படுத்துக்கொண்டு கேட்கிறது. அதற்கு ஒரு மரியாதை தெரிய வேண்டாமா?

போன மாதம்தான் கெட்டுப்போனது. உடம்பு தேறிவிட்டது அதற்கு. எலும்பு கூடிவிட்டது. கட்டுப் பிரித்து, வலை போட்ட பெரிய கூண்டுக்குள் விட்டுவிட்டான். உள்ளேயே இரண்டு மாமரம். நாங்கள் போனபோது மேலே உச்சாணிக் கொம்பில் இருந்தது. பழைய பச்சை. இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜோசுவா காட்டிய பிறகுதான் தெரிந்தது.

“மரகதம்” என்றாள். பூவைத் தூக்கிக் காட்டினாள். “மரகதம், தங்கம், இங்க பாரு.”

பார்க்கவில்லை. அரை மணி நேரம் நின்றாள். கழுத்து வலிக்கிற மாதிரி அண்ணாந்து நின்றாள். அது ஒரு தடவை தலையைத் திருப்பியது. வெயில் வந்த பக்கம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை செய்தாயே, பார் அதன் லட்சணத்தை என்று நினைத்தேன். ஜோசுவா வேறு, “இறங்கி வரலைன்னா நல்லதும்மா. யாரும் வேணாம்னு இருக்குன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம். கண்ணாடிப் பெட்டியில இருந்தப்போ மடிக்கு வந்ததெல்லாம் பிரியம்னு நெனச்சிருப்பீங்க. சூட்டுக்கு வந்திருக்கும்” என்றான். நறுக்கென்று சொன்னான். சரியாகச் சொன்னான்.

அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பூவைப் பைக்குள் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. யாரிடம் பேசுவாள்? மரத்திடமா? நான் பலாமரத்துக்குப் பின்னால் காத்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை இல்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். அதற்காக நறுக்கிய பப்பாளி டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். என் தட்டுக்குப் பக்கத்தில். எனக்குத்தானா இல்லையா என்று கேட்க முடியாதே? தின்றுவிட்டேன். மறுநாள் சர்க்கரை ஏறிவிட்டது. இருந்தாலும் அதற்கு நறுக்கியது எனக்கு வந்தது, பார்த்தீர்களா?

ஆனால் இந்த ஒரு மாதம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை சார். மாத்திரை தீர்ந்தது தெரியவில்லை. காஸ் சிலிண்டர் தீர்ந்து இரண்டு வேளை அடுப்பு எரியவில்லை. அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் காட்டினாளா தெரியவில்லை. சொல்வதற்கு அவளுக்கு ஆள் இல்லை. கேட்பதற்கு எனக்கு வழி இல்லை.

இன்றைக்கு அந்தச் சனியன் கீழே இறங்கி வர வேண்டும். ஒரு பத்து நிமிடம் வந்தால் போதும். அதற்காகத்தான் காலையில் நானே போய்ச் செம்பருத்தி பறித்தேன், ஸ்கூல் சுவர் ஓரத்தில் எட்டி எட்டி. பெரிய பூவாகப் பார்த்து. வாட்ச்மேன் திட்டினான். கொண்டுவந்து அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். யார் பறித்தது என்று கேட்கவில்லை.

உங்கள் ஊரில் மாமரத்து ஓணான் எதற்கு இறங்கி வரும், தெரியுமா? தெரியாதா? சரி.

என்னம்மா? என்னையா கூப்பிடுகிறாய்? சார், கொஞ்சம் இருங்கள். முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் ஏதோ சொல்கிறாள்.

“தாத்தா, அடுத்தது கல்லுமேடு. உங்களை எழுந்துக்கச் சொன்னாங்க.”

“யாரு சொன்னது?”

“அதோ, நீலப் பொடவை கட்டின ஆயா.”

“என்ன சொன்னா? அவ வாயால சொன்னதை அப்படியே சொல்லு.”

“எங்க வீட்டுக்காரர் பின்னாடி இருக்காரு. பேச ஆரம்பிச்சா ஊரைத் தாண்டிப் போயிடுவாரு. கொஞ்சம் எழுப்பி விடும்மான்னாங்க.”

“எங்க வீட்டுக்காரர்னா சொன்னா?”

“ஆமா தாத்தா.”

“அந்த ஆளுன்னு சொல்லலியே?”

“ஐயோ இல்ல தாத்தா. எழுந்திரிங்க, பிரேக் போடப் போறாரு, விழுந்துடப் போறீங்க!”

கேட்டீர்களா சார்? எங்க வீட்டுக்காரர். மரகதத்தை அவள் மரகதம் என்பாள், தங்கம் என்பாள். செல்லம் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள் ஒரு தடவை. ‘எங்க வீட்டு’ என்று சொன்னதில்லை. அத்தனை பேச்சிலும் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அத்தனையும் கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

காலை மடக்குங்கள், வழி விடுங்கள். இறங்கிவிட்டாளா? இறங்கிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லுங்கள் சார், நடக்க ஆரம்பித்துவிட்டாளா, நிற்கிறாளா?

நிற்கிறாளா?

கண்டக்டர், விசில் கொடுக்காதீங்க, ஆள் இறங்கணும்!